முதுகுப் புண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்



டிரங்க் டெலிபோன் காலத்துக் கதைகளைத் தொடர்ந்து எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். ஆனால் இந்த வாரம் ஒரு சண்டைக்காக உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் டெக்னிகல் சமாசாரம்தான். பயப்பட வேண்டாம். ஜங்ஷன் ஊரில் குடியிருக்கும் நமக்குப் புரியாதது ஒன்றும் இதில் இல்லை.

"எங்க சைடுல எல்லாம் கிளியரா இருக்கு சார்."

வீட்டில் இன்டர்நெட் வைத்திருக்கும் எல்லோரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். என் சண்டை இந்த வாக்கியத்தோடுதான். இரண்டு கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது, பழுது எங்கே என்று பார்க்கும் கருவிகளை ஒருவருக்கொருவர் திறந்து வைக்க வேண்டும், வாடிக்கையாளரும் அதைப் பார்க்க முடிய வேண்டும் என்பதை அந்த இணைப்புக்கே கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவரின் மகன் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறான். அவர்களுடைய பில்லிங் சாஃப்ட்வேர் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. மூன்று வாரம், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது திறக்கவில்லை. அதே நேரத்தில் யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் போகிறது. பில் போட முடியாவிட்டால் இ-வே பில் கிடையாது. இ-வே பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. துறைமுகத்தில் கன்டெய்னருக்குக் குறித்த நேரம் யாருக்காகவும் காத்திருக்காது.

இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனிக்குப் போன் செய்தான். "எங்க சைடு கிளியர், சர்வர்காரங்களைக் கேளுங்க." சர்வர் வைத்திருக்கும் கம்பெனிக்குப் போன் செய்தான். "சர்வர் நல்லா ஓடுது, உங்க இன்டர்நெட்காரங்களைக் கேளுங்க." புகார் எண் மேல் புகார் எண்ணாக ஒரு நோட்டுப் பக்கமே நிறைந்தது. "அங்கிள், நீங்க டெலிபோன்ஸ்ல இருந்தவரு, கொஞ்சம் வந்து பாருங்க" என்றான். போய்ப் பார்த்தேன். இன்டர்நெட் கம்பெனியின் சென்னை எல்லை வரை எல்லாம் சரி. அதற்கு அப்பால் வெறும் நட்சத்திரக் குறிகள். காலையில் நூற்றுக்கு நூறு பாக்கெட் போய்த் திரும்புகிறது. மாலையில் நூற்றில் முப்பது காணாமல் போகிறது. இரண்டு கம்பெனிகளும் சந்திக்கும் இடத்திலோ அதைத் தாண்டியோ நெரிசல் என்று என்னால் சொல்ல முடிந்தது. யார் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி அது தானாகச் சரியாகிவிட்டது. யார் சரி செய்தார்கள், என்ன கோளாறு என்று இன்று வரை யாரும் ஒரு வரி எழுதவில்லை. சரக்கு தாமதமானதற்கு முதலாளியிடம் திட்டு வாங்கியது மட்டும் அந்தப் பையன்.

இப்போது அந்தச் "சந்திக்கும் இடம்" என்ன என்று பார்ப்போம்.

இன்டர்நெட் என்பது ஒரே நெட்வொர்க் கிடையாது. பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதுதான் அது. இரண்டு நெட்வொர்க்குகள் நேருக்கு நேர் இணைந்து, "என் ஆட்களுக்கு வருவதை நீ கொடு, உன் ஆட்களுக்குப் போவதை நான் தருகிறேன்" என்று செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் பியரிங் என்று பெயர். நம் அரக்கோணத்தில் மும்பை லைனும் ஜோலார்பேட்டை லைனும் செங்கல்பட்டு லைனும் சேர்வது போல, இந்த நெட்வொர்க்குகள் சேரும் ஜங்ஷன்கள் உண்டு. நம் நாட்டில் அரசு முயற்சியால் 2003-ல் தொடங்கிய நிக்ஸி என்ற அமைப்பு அப்படிப்பட்ட ஜங்ஷன்களை நடத்துகிறது. முதலில் வந்த நான்கு இடங்களில் சென்னையும் ஒன்று. மற்றவை நொய்டா, மும்பை, கொல்கத்தா. அதற்கு முன்பெல்லாம் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் பக்கத்துத் தெருவில் இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பினால், அது வெளிநாடு வரை போய்ச் சுற்றிக்கொண்டு வரும். அந்தக் கூத்தை நிறுத்தத்தான் நிக்ஸி வந்தது. இப்போது தனியார் நடத்தும் ஜங்ஷன்களும் சென்னையில் உண்டு. இரண்டு பெரிய கம்பெனிகள் தனியாகவும் கேபிள் போட்டுக்கொள்வார்கள்.

பழுது வந்தால் பார்ப்பதற்குக் கருவிகள் நாற்பது வருடமாகவே இருக்கின்றன. பிங் 1983-ல் வந்தது. "இருக்கியா?" என்று கேட்டு, "இருக்கேன்" என்ற பதில் எத்தனை மில்லி செகண்டில் வருகிறது என்று அளக்கும். ட்ரேஸ்ரூட் 1980-களின் கடைசியில் வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஒரு எண் இருக்கும். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யம் ஆன இடத்திலிருந்து "இங்கே முடிந்துவிட்டது" என்று சேதி வரும். எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போனால் வழியிலுள்ள எல்லா ஸ்டேஷன் பெயரும் கிடைத்துவிடும்.

கண்ணாடி நாரில் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். நமக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போய்வர ஒரு மில்லி செகண்ட் கூட ஆகாது. நடுவிலுள்ள பெட்டிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்துத் தாராளமாகப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி செகண்ட் ஆகும். ஆகவே சென்னையில் இருக்கும் சர்வரிலிருந்து பதில் வர 45 மில்லி செகண்ட் ஆகிறது என்றால், நடுவில் நெரிசலோ சிங்கப்பூர் யாத்திரையோ ஏதோ ஒன்று நடக்கிறது என்று அர்த்தம். இதை அறுபது வயதுக்காரர் ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம். வழியிலுள்ள ரவுட்டர்கள் பதில் சொன்னால்!

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. என் வாதத்தின் உயிர்நாடியே அதுதான். ட்ரேஸ்ரூட் போகிற வழியைத்தான் காட்டும். வருகிற வழியைக் காட்டாது. இன்டர்நெட்டில் போவது ஒரு வழி, வருவது வேறு வழி என்பது சர்வ சாதாரணம். திருத்தணி வழியாகப் போன கடிதத்துக்குக் காட்பாடி வழியாகப் பதில் வருவது போல. பதில் வராதபோது தொலைந்தது போன கடிதமா, வந்த கடிதமா என்று இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்லவே முடியாது. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சோதனை போட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்காகவே 1990-களில் லுக்கிங் கிளாஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தமிழில் சொன்னால் கண்ணாடி. ஒரு நெட்வொர்க் தனக்கு உள்ளேயிருந்து பிங், ட்ரேஸ்ரூட் போடவும், "இந்த முகவரிக்கு நாங்கள் இந்த வழியாகப் போகிறோம்" என்ற வழிப்பட்டியலைப் பார்க்கவும் வெளியாருக்குத் திறந்து வைக்கும் ஒரு சின்ன ஜன்னல். பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. அவ்வளவுதான். அமெரிக்காவின் ஹரிகேன் எலெக்ட்ரிக், நம் டாடா கம்யூனிகேஷன்ஸ் போன்ற பெரிய நெட்வொர்க்குகள் இதை ஊருக்கே திறந்து வைத்தவைதான். நிக்ஸியும் தன் ஜங்ஷனுக்கு ஒன்று வைத்திருக்கிறது. ஆனால் நம் வீட்டுக்கும் கடைக்கும் லைன் கொடுக்கும் எத்தனையோ கம்பெனிகளிடம் இது இல்லை. இருக்கிறதா என்று கேட்டால், கஸ்டமர் கேரில் இருக்கும் பெண்ணுக்கு அது என்ன என்றே தெரியாது. அந்தப் பெண் மேல் தப்பில்லை.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். சரி. இது முதுகுப் புண் ஆயிற்றே!

நான் டெலிபோன்ஸில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். டிரங்க் லைனில் கோளாறு என்றால் இந்தப் பக்க டெஸ்ட் போர்டில் ஒருவர், அந்தப் பக்க டெஸ்ட் போர்டில் ஒருவர் உட்காருவோம். "லூப் போடுங்க" என்றால் அவர் லைனை அங்கேயே மடக்கிக் கொடுப்பார். நாங்கள் அளப்போம். பிறகு நடு ஸ்டேஷனில் மடக்கச் சொல்வோம். பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் லைன்மேனை சைக்கிளில் அனுப்புவோம். "எங்க பக்கம் கிளியர்" என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது. இரண்டு பக்கமும் ஒரே முதலாளி என்பதால் இந்த ஒத்துழைப்பு வழக்கமாகவே நடந்தது. இன்று முதலாளிகள் பலர். அன்றைக்கு வழக்கமாக இருந்ததை இன்றைக்கு ஒப்பந்தத்தில் எழுதித்தான் வாங்க வேண்டும்.

இது ஒன்றும் என் புதுக் கற்பனை இல்லை. பியரிங் செய்ய வருபவருக்குப் பெரிய நெட்வொர்க்குகள் நிபந்தனைப் பட்டியல் வைத்திருக்கின்றன. 24 மணி நேரமும் ஆள் இருக்கும் கட்டுப்பாட்டு அறை வேண்டும், இத்தனை ஊர்களில் சந்திக்க வேண்டும், இவ்வளவு வேகம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். பழைய நாட்களில் சில ஒப்பந்தங்களில் சோதனை வசதியும் நிபந்தனையாக இருந்தது. "நான் அனுப்பும் சோதனைப் பாக்கெட் எந்த ரவுட்டர் வழியாகப் போக வேண்டும் என்று நானே குறிப்பேன், உன் ரவுட்டர் அதை அனுமதிக்க வேண்டும்" என்ற ஏற்பாடு. லூஸ் சோர்ஸ் ரவுட்டிங் என்பார்கள். விஷமிகள் அதைத் தவறாகப் பயன்படுத்தலாம் என்பதால் பிற்பாடு எல்லோரும் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். மூடியது நியாயம்தான். ஆனால் பழைய கதவை மூடியவர்கள் அதற்குப் பதில் கண்ணாடி ஜன்னலையாவது கட்டாயமாக்கியிருக்க வேண்டாமா?

நம் சட்டத்தில் அளவுகோல் இல்லாமல் இல்லை. டிராய் 2006-லேயே பிராட்பேண்டுக்குத் தர விதிகள் கொண்டுவந்தது. கம்பெனியின் வாசலிலிருந்து நிக்ஸி வரை 120 மில்லி செகண்டுக்குள் போய்வர வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். பாக்கெட் இழப்பு நூற்றுக்கு ஒன்றுக்குள் இருக்க வேண்டும். மேலே போகும் லைன்கள் நெரிசல் நேரத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது. 2024-ல் இந்த விதிகளைத் திருத்திப் புதிதாகவும் வெளியிட்டார்கள். நல்ல விதிகள்தான். ஆனால் அறிக்கை அனுப்புவது கம்பெனி. பார்ப்பது டிராய். சாயங்காலம் ஆறரை மணிக்கு லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு தவிப்பவன் எதைப் பார்ப்பான்? நாள் முழுக்கச் சேர்த்துச் சராசரி போட்டால் அந்த மூன்று மணி நேரம் கணக்கில் கரைந்துபோகும்.

சந்திக்கும் இடத்தை அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது, அதன் வாடிக்கையாளர் வேறு கம்பெனி போனுக்குப் பேச முயன்றால் பெரும்பாலான அழைப்புகள் போய்ச் சேரவில்லை. பழைய கம்பெனிகள் ஜியோ மேல் குற்றம் சொன்னார்கள். ஜியோ அவர்கள் மேல் சொன்னது. இங்கே "எங்க சைடு கிளியர்" செல்லவில்லை. ஏனென்றால் டெலிபோன் அழைப்புக்கு ஒரு விதி இருந்தது. இரண்டு கம்பெனிகள் சந்திக்கும் இடத்தில் ஆயிரம் அழைப்பில் ஐந்துக்கு மேல் அடைபடக் கூடாது. எண்ணிக்கை கையில் இருந்ததால், டிராய் அந்த அக்டோபரிலேயே ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் போடச் சொல்லிப் பரிந்துரைத்தது. அந்தக் கம்பெனிகள் அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை. யார் சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. எண்ணிப் பார்க்க ஓர் இடம் இருந்ததால்தான் விவாதிக்கவாவது முடிந்தது என்கிறேன்.

ஊரே பார்க்க முடிந்தால் என்ன நன்மை என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போய், தவறான வழியறிவிப்பு வெளியே கசிந்து, உலகம் முழுக்க யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. எங்கிருந்து வந்தது வினை என்று கண்டுபிடிக்க உதவியது, எல்லோரும் பார்க்கும்படி திறந்திருந்த வழிப்பட்டியல்கள்தான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனபோதும் அப்படியே. கம்பெனி காரணம் சொல்வதற்கு முன்பே, "அவர்களுடைய வழிகள் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டன" என்று வெளியில் இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருகிறேன்.

"பாதுகாப்பு என்ன ஆவது?" என்பார்கள். லுக்கிங் கிளாஸ் வீட்டுச் சாவி இல்லை. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் மாதிரி. நிமிடத்துக்கு இத்தனை கேள்விதான் என்று வரம்பு வைக்கலாம். ரவுட்டரைத் தொடாமல் பக்கத்தில் ஒரு சின்ன சர்வரிலிருந்து பதில் சொல்ல வைக்கலாம். உலகத்தின் மிகப் பெரிய நெட்வொர்க்குகள் இதைத் திறந்து வைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்குகின்றன. நம்முடைய ரயில்வேயைப் பாருங்கள். எந்த ரயில் எந்த ஸ்டேஷனைத் தாண்டியது, எத்தனை நிமிடம் தாமதம் என்று யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கிறோம். அதனால் ஏதாவது ரயில் காணாமல் போயிற்றா?

"வியாபார ரகசியம்" என்பார்கள். யாரோடு என்ன விலைக்கு ஒப்பந்தம் என்று நான் கேட்கவில்லை. என் பாக்கெட் எங்கே நிற்கிறது என்றுதான் கேட்கிறேன். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை.

"செலவு" என்பார்கள். இதற்கான சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு சாதாரண சர்வர் போதும்.

நான்காவதாக ஒரு வாதம் உண்டு. அதற்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். பியரிங் பெரும்பாலும் காகிதம் இல்லாமல், வாய்ப்பேச்சில் நடப்பது. பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு 2011-ல் 1,42,210 பியரிங் உடன்பாடுகளைத் திரட்டிப் பார்த்தது. அதில் 698 மட்டுமே எழுதிக் கையெழுத்துப் போட்டவை. மீதி 99.51 சதவீதம் கைகுலுக்கலோடு சரி. "இப்படி நம்பிக்கையில் ஓடும் இடத்தில் நிபந்தனை, ஷரத்து என்று ஆரம்பித்தால் சின்ன கேபிள்காரர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள்" என்பது அந்த வாதம். அதனால்தான் நான் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வக்கீல் வைத்து எழுதச் சொல்லவில்லை. ஜங்ஷனில் உறுப்பினராகச் சேரும்போது எல்லோரும் ஏற்கும் விதிகள் எழுத்தில்தான் இருக்கின்றன. அங்கே சேர்த்துவிட்டால் போதும். சின்ன ஆபரேட்டருக்குத் தனிக் கண்ணாடி வைக்க வசதியில்லை என்றால், ஜங்ஷனே தன் கண்ணாடியை அவருக்கும் காட்டட்டும். தனியாகக் கேபிள் போட்டுக்கொள்ளும் பெரிய கம்பெனிகளுக்கு அரசின் லைசென்ஸ் நிபந்தனையில் வரட்டும். 1885-ம் வருட தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன் கீழ் எத்தனையோ விதிகள் எழுதுகிறார்கள். இதற்கு ஒரு பத்தி எழுதக் கூடாதா?

நான் கேட்பது நான்கே நான்கு.

ஒன்று, மற்ற நெட்வொர்க்குகளோடு சந்திக்கும் ஒவ்வொரு ஊரிலும் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு லுக்கிங் கிளாஸ்.

இரண்டு, எல்லையில் இருக்கும் ரவுட்டர்கள் ட்ரேஸ்ரூட்டுக்கு வரம்போடாவது பதில் சொல்ல வேண்டும். முழுசாக வாயை மூடிக்கொள்ளக் கூடாது.

மூன்று, சந்திக்கும் லைன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மணிவாரியாக வெளியிட வேண்டும். சராசரி வேண்டாம்.

நான்கு, இரண்டு கம்பெனிகளுக்கு நடுவிலான புகாருக்கு ஒரே புகார் எண். இருவரும் ஒரே நேரத்தில் சோதித்து, பழுது எங்கே இருந்தது என்று எழுதித் தர வேண்டும். அன்றைக்கு டெஸ்ட் போர்டில் நாங்கள் செய்ததுதான்.

"நமக்கெதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன். நவம்பர் வந்தால் நம்மில் பலர் பென்ஷனுக்கான உயிர்ச் சான்றிதழை இன்டர்நெட் வழியாகத்தான் கொடுக்கிறோம். பேத்தி பரீட்சை எழுதுவது அதில். டாக்டரை வீடியோவில் பார்ப்பது அதில். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ ஆர்டர் வருவதும் அதில்தான். இவ்வளவையும் அதன் மேல் ஏற்றிவிட்டு, அது எங்கே அறுந்தது என்று கேட்கும் உரிமை இல்லாமல் இருப்பது சரியா?

ஆகவே அடுத்த முறை "எங்க சைடு கிளியர்" என்று கேட்டால் போனை வைத்துவிடாதீர்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "உங்க லுக்கிங் கிளாஸ் முகவரி என்ன?" என்று கேளுங்கள். பதில் வராது. பரவாயில்லை, அதையும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். 2012-ம் வருட டிராய் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் மேல்முறையீட்டு அதிகாரி வைத்திருக்க வேண்டும். முப்பது நாளுக்குள் அவருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. 39 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். எழுதும்போது, எல்லை தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் தொல்லை என்பார்கள். நூறு பேர் கேட்டால் ஜன்னல் திறந்துதான் ஆக வேண்டும். டெலிபோன்ஸில் இருந்து ரிட்டையர் ஆனவர்கள் நம் ஊரில் மட்டும் எத்தனை பேர்! ட்ரேஸ்ரூட் எப்படிப் போடுவது என்று தெரியாதவர்கள் என்னைக் கூப்பிடுங்கள். காலை நடை முடிந்து எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.